மூன்று நாள், ஐந்து பேர்: நீலகிரியில் காட்டுக்குள் நடக்க எங்கே போகலாம்?

பவானிக்கரை (கோபிசெட்டிப்பாளையம்) | டிசம்பர் 14, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், 64 வயது அம்மா என்று ஐந்து பேரும் காரில் நீலகிரி வருகிறோம்.

இதற்கு முன் மூன்று முறை ஊட்டி வந்தாயிற்று. மூன்று முறையும் ஒரே சுற்றுதான். படகு இல்லம், ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, கடையில் வர்க்கி, சாக்லேட், கிளம்பு. போன முறை இறங்கும்போது பர்லியார் கிட்டே மகள் கேட்டாள்: "அப்பா, நாம காட்டைப் பார்க்கவே இல்லையே?" எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாளும் வண்டிக்குள்ளேயும் டிக்கெட் வரிசையிலும்தான் இருந்திருக்கிறோம்.

இந்த முறை நடக்க வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா பற்றிப் படித்ததிலிருந்து அங்கே போக ஆசை. வரையாடு பார்க்க முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பார். வழி சொல்லுங்கள்.

மஞ்சூர் மழை | டிசம்பர் 14, இரவு 10:05

முக்கூர்த்தி காரில் போய் இறங்கிப் பார்க்கிற இடம் இல்லை. வரையாட்டைக் காப்பாற்றவென்றே ஒதுக்கப்பட்ட 78 சதுர கிலோமீட்டர் அது. 1990இல் தேசியப் பூங்கா ஆனது. உள்ளே சஃபாரி வண்டியும் இல்லை, கடையும் இல்லை. அந்தப் பக்கம் நடக்க வேண்டுமென்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடில் ஒரு வழி, அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா இன்னொரு வழி. இரண்டும் நடந்து பழகிய கால்களுக்கு. உங்கள் பையனுக்கும் அம்மாவுக்கும் இந்த முறை வேண்டாம்.

கோத்தகிரி டீச்சர் | டிசம்பர் 15, காலை 6:50

தம்பி, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அவளுக்காகவே எழுதுகிறேன்.

ஊட்டியில் தங்காதீர்கள். கோத்தகிரியில் இரண்டு இரவு தங்குங்கள். ஊரிலிருந்து 3 கிலோமீட்டர் தூரத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலை, வீடு, ரோடு. நடுவில் ஒரு பச்சைத் தீவு போல இந்தச் சோலை மட்டும் தப்பி நிற்கிறது. எங்கள் பக்கத்து ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) பலவற்றுக்கு இதுதான் தண்ணீர். 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். ராம்சார் என்றால் ஏரி, சதுப்புநிலம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு காட்டை ஏன் சேர்த்தார்கள் என்பது உள்ளே போய் நின்றால்தான் விளங்கும். மழை நின்று பல வாரம் ஆன பிறகும் அந்த மண் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

'ட்ரெக் தமிழ்நாடு' பட்டியலில் இது எளிய வழி. பெரிய ஏற்றம் கிடையாது. அம்மா கையில் ஒரு தடி கொடுங்கள், போதும். வயது விதி, கட்டணம் எல்லாம் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். காலை முதல் நேரத்தையே வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும்.

என்ன பார்க்கலாம்? பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் போங்கள். சோலைக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழக வேண்டும். ஓர் இடத்தில் நில்லுங்கள். முட்டியளவு உயரத்தில், புதருக்குள், ஒரு சின்னக் கறுப்பு அசையும். அப்புறம் திரும்பும்போது வயிறெல்லாம் ஆரஞ்சு. அதுதான் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்கிற குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது அதைப் பார்த்த பிறகுதான் சத்தம் தானாக அடங்கும். நான் சொல்லி அடங்கியதில்லை.

மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பார்த்தது, கேட்டது இரண்டையும் எழுதட்டும்.

எமரால்டு மூடுபனி | டிசம்பர் 15, இரவு 8:30

டீச்சர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் தம்பி முக்கூர்த்தி என்று கேட்டுவிட்டார், அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குந்தா மின்திட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் பெயர்தான் எனக்கு முதலில் தெரிந்த ஊர்ப் பெயர்கள்.

இந்த மலையின் மேல்தளம் எப்படி இருக்கும் என்று ஊட்டி நகரத்தில் நின்றால் தெரியாது. அங்கே நீங்கள் பார்க்கிற மரங்களில் பாதி வெளியிலிருந்து வந்தவை. கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. விறகுக்கென்றும் தோல் பதனிடும் பட்டைக்கென்றும் நட்டார்கள். பிறகு சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கிவிட்டது. பைன் மரத்தடியில் போட்டோ எடுத்துவிட்டுக் காடு பார்த்தோம் என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பைன் தோட்டத்துக்குள் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். பறவைச் சத்தம் அநேகமாக இருக்காது.

உண்மையான மேல்தளம் என்பது புல்வெளி. அலை அலையாகப் போகும். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள மடிப்பில் மட்டும் கருகருவென்று சோலை ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா இடத்திலும் ஏன் மரம் வளரவில்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். ஜனவரி காலையில் வெளியே கூட்டிப்போய் உறைபனியைக் காட்டினார். திறந்த வெளியில் முளைக்கிற சோலைக் கன்று இந்தக் குளிரில் கருகிவிடும். புல் தாங்கும். மடிப்பில் மண் ஆழம், ஈரம், காற்று மறைவு எல்லாம் இருப்பதால் மரம் தாங்கும். மழை பெய்தால் புல்வெளி குடிக்கும், சோலை தேக்கி வைக்கும், ஓடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

நீங்கள் பவானிக்கரை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பவானி பிறப்பது இந்தப் புல்வெளிகளில்தான். மேல்பவானியிலிருந்து இறங்கி, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய், திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து பவானிசாகரை நிரப்புகிறது. பைக்காரா தண்ணீர் மாயாறாகி அதே அணையில் வந்து சேர்கிறது. கொடிவேரியில் நீங்கள் குளிப்பது இந்த மலை சேர்த்து வைத்த மழையில்தான்.

வரையாடு பற்றிக் கேட்டீர்கள். சங்கப் பாட்டிலேயே வருடை என்று வருகிறதே, அதைத்தான் வரையாடு என்று சொல்கிறார்கள். நம் மாநில விலங்கு. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 என்று வந்தது. நான் கோலரிபெட்டா ஏறிய அன்று பார்த்தேன். 2,600 மீட்டருக்கு மேல் உயரம், முக்கூர்த்தி சிகரத்தை விட உயரமானது. மேற்கு ஓரத்துக்குப் போனால் தரை அப்படியே அறுந்து விழுகிறது. கீழே கேரளம். அங்கிருந்து மேகம் எழும்பி வந்து முகத்தில் அடிக்கும், ஒரு நிமிடத்தில் விலகும், மறுபடி மூடும். வழிகாட்டி என் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். மேகம் விலகியதும் எதிர்ப் பாறையில் ஒரு கிடா. உடம்பு கரும்பழுப்பு, முதுகில் மட்டும் சாம்பல் தூவியது போல ஒரு திட்டு. கால் வைக்க நம் உள்ளங்கை அளவுகூட இடம் இல்லை, ஆனால் தாழ்வாரத்தில் நிற்பது போல நிற்கிறது. எங்களைப் பார்த்துவிட்டு விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. பாறைக்குப் பின்னாலிருந்து பெட்டைகளும் குட்டிகளும் எழுந்தன. நான் எண்ணி முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. மறுபடி விலகியபோது பாறை மட்டும் இருந்தது.

தோடர்களுக்கு முக்கூர்த்தி சிகரம் புனிதமானது. இறந்தவர்களின் உயிர் அங்கிருந்துதான் அடுத்த உலகத்துக்குப் போகிறது என்பார்கள். ஏறுகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். வழியில் மந்து (தோடர் குடியிருப்பு) ஏதாவது தென்பட்டால் கேட்காமல் உள்ளே போகவோ படம் எடுக்கவோ கூடாது. அது அவர்கள் வீடு.

உங்களுக்கு என் யோசனை: ஒரு நாள் அவலாஞ்சி. சோதனைச் சாவடியில் காரை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். சோலையையும் புல்வெளியையும் சேர்த்துப் பார்க்க அம்மாவுக்கும் பையனுக்கும் இதுதான் வசதி. காலிஃப்ளவர் சோலை என்று ஒரு காட்சிமுனை வரும். மேலிருந்து பார்க்கும்போது மரத்தலைகள் பூப்பூவாகத் தெரியும், பெயர் அதனால்தான். போகும் வழியில் முத்தோரையில் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, சுமார் 11, அதே அளவு சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ரோட்டிலிருந்தே தெரியும். ஆறாவது படிக்கிற பெண்ணுக்குப் பிடிக்கும்.

பவானிக்கரை | டிசம்பர் 16, காலை 7:15

டீச்சர், எமரால்டு அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. "அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு இத்தனை வருஷத்துல நான் யோசிச்சதே இல்லையே" என்றார். இப்போது எங்களை விட அவருக்குத்தான் ஆசை அதிகம்.

அட்டை தொந்தரவு இருக்குமா? மகன் பயப்படுகிறான். வேறு என்ன கொண்டுவர வேண்டும்?

குன்னூர் 43 | டிசம்பர் 16, மதியம் 1:40

ஜனவரியில் அட்டை மிகக் குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரைதான் அதன் ராஜ்ஜியம். கடித்தாலும் பிடுங்காதீர்கள், நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

குளிருக்கு ஒரே தடிமனான ஸ்வெட்டரை விட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. காலை ஏழு மணிக்கு நடுங்குவீர்கள், பதினொன்றுக்கு வெயில் சுடும். மலை வெயில் தோலைக் கறுக்கடித்துவிடும், தொப்பி அவசியம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்து தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்குக் கட்டாயம். பஸ்ஸிலோ மலை ரயிலிலோ வந்தால் தேவையில்லை.

ஒரு விஷயம் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காசு கட்டி, பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும் நட என்கிற முறை எனக்கு முழுதாக ஒப்பவில்லை. நான் பள்ளி விட்டதும் புத்தகப் பையை எறிந்துவிட்டுச் சோலைக்குள் தவிட்டுப் பழம் பறிக்கப் போனவன். விரலெல்லாம் ஊதாக் கறையோடு வீட்டுக்கு வந்து அடி வாங்குவேன். இன்றைக்கு இதே ஊரில் பிறந்த என் மகன் அந்த மரங்களுக்குள் போக இணையதளத்தில் பணம் கட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையால் கட்ட முடியுமா? மலைப் பிள்ளைகளுக்குக் காடு அந்நியமாகிவிட்டால் நாளைக்கு அதற்காக யார் பேசுவார்கள்?

தேனிப்பக்கம் | டிசம்பர் 16, இரவு 9:10

குன்னூர் சகோதரரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை நாங்கள் மறக்க முடியாது. நடக்கப் போன இளம்பிள்ளைகள் புல்வெளித் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு வரும் தீயின் முன்னால் மனிதனால் ஓட முடியாது. மேல்நோக்கிப் போகும் தீ இன்னும் வேகம். அந்த மலையைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது உயிர் விஷயம். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை மூடி வைப்பதும் அதனால்தான். பவானிக்கரை ஜனவரியில் போவது சரியான முடிவு.

எமரால்டு மூடுபனி | டிசம்பர் 16, இரவு 10:25

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. வழிகாட்டி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 அக்டோபரில் 40 வழிகளோடு இந்தத் திட்டம் தொடங்கியபோது காட்டோர ஊர்க்காரர்களையும் பழங்குடி இளைஞர்களையும் வழிகாட்டியாகப் பழக்கினார்கள். கட்டுகிற பணத்தில் அவர்களுக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. கோத்தகிரி பக்கம் கரிக்கையூரில் ரங்கசாமி சிகரத்துக்குக் கூட்டிப்போவது இருளர் இளைஞர்கள். அந்த மலை அவர்கள் சாமி. அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டு ஏறுவதும் நாமாக ஏறுவதும் ஒன்றாகாது.

ஆனால் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பதை நானும் கேட்கிறேன். டீச்சர், நீங்கள் உங்கள் பள்ளி சார்பில் வனத்துறைக்கு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கோத்தகிரி டீச்சர் | டிசம்பர் 17, காலை 6:30

நான் அனுமதி கேட்டு வாங்கித்தான் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்கிற பள்ளிகள்தான் குறைவு. குன்னூர் தம்பி, உங்கள் மகன் பள்ளியில் பேசிப் பாருங்கள், கடிதம் எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.

சேலம் வெயில் | டிசம்பர் 17, மாலை 5:50

நான் பட்டதை இங்கே சொல்கிறேன், யாருக்காவது உதவும். இரண்டு வருடம் முன்பு மசினகுடி பக்கம் தங்கியிருந்தோம். தங்குமிடத்தில் ஒருவர் வந்து "நைட் சஃபாரி, யானை உறுதி" என்றார். பெயர் வேண்டாம். மனைவி வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றி, விளக்கை அணைத்துவிட்டு ஒரு மண்பாதையில் போனார்கள். திடீரென்று டார்ச் அடித்தால் பதினைந்து அடியில் ஒரு பெண் யானை, பக்கத்தில் குட்டி. காதை விரித்து ஓரடி முன்னே வைத்தது. ஜீப் ரிவர்ஸில் போய்ப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, உறுமி உறுமி ஏறியது. என் பெண் அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்தக் குட்டியும் தூங்கியிருக்காது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அது சட்டவிரோதம் என்பது பிறகுதான் தெரிந்தது. யானை பார்க்க வேண்டுமென்றால் முதுமலையில் தெப்பக்காட்டுக்குப் போய் வனத்துறை வண்டியில் பகலில் போங்கள். தென்பட்டால் பாருங்கள், இல்லையென்றால் மானைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதிகெட்டான் (கொடைக்கானல்) | டிசம்பர் 18, இரவு 8:00

பழனிமலைக்காரன் ஒரு வார்த்தை. என் பெயரைப் பார்த்துக் கேட்பார்கள். பேரிஜம் ஏரி போகும் வழியில் மதிகெட்டான் சோலை என்று ஒன்று உண்டு. உள்ளே போனால் திசை மறந்து மதி கெட்டுவிடும் என்று பெரியவர்கள் வைத்த பெயர். எங்கள் மலையிலும் கதை அதேதான். புல்வெளியைச் சீகையும் பைனும் மூடிவிட்டன. குறிஞ்சி 2018இல் பூத்தபோது, மிச்சமிருக்கிற புல்வெளி எங்கே என்று தேடித் தேடிப் போய்ப் பார்த்தோம். அடுத்தது 2030. உங்கள் மகள் அப்போது மேல்நிலைப் பள்ளியில் இருப்பாள், இப்போதே சொல்லி வையுங்கள். பேரிஜத்துக்கும் வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. அடுத்த முறை இந்தப் பக்கம் வாருங்கள்.

பவானிக்கரை | பிப்ரவரி 2, இரவு 9:45

போய்விட்டு வந்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறினோம். அன்று எங்கேயும் போகவில்லை. தங்கிய வீட்டுக்குக் கீழே தேயிலைக்குள் மூன்று காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைச் சாக்ஸ் போட்டது போலக் கால். வீட்டுக்காரர் அம்மா, "அதுங்க போற வழியில நிக்காதீங்க, அதுங்களும் நம்ம வழிக்கு வராது" என்றார். மாலை முழுக்க ஜன்னலை விட்டு மகன் நகரவில்லை.

இரண்டாம் நாள் காலை லாங்வுட் சோலை. எங்களோடு வந்த வழிகாட்டி அதிகம் பேசவில்லை. டீச்சர் சொன்ன மாதிரியே முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு, ஈரம், அவ்வளவுதான். கொஞ்சம் போனதும் ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். மரமெல்லாம் பாசி. வைத்து எடுத்தால் கை நனைந்திருக்கிறது. மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது என்றார். அப்புறம் குனிந்து, உதிர்ந்த இலைகளை ஒதுக்கி, கையைத் தரைக்குள் விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்த மண் காப்பித் தூள் நிறம், பிழிந்தால் சொட்டும் போல. "இங்க ஊறுறது எல்லாம் ஏதாவது ஒரு பள்ளத்துல இறங்கி, கடைசியில பவானிசாகருக்குத்தான் போய்ச் சேரும்" என்றார். நாங்கள் கோபிக்காரர்கள் என்று அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை.

சோலை ஓரத்தில் ஒரு ஓடை, ஒரு முழ அகலம்கூட இருக்காது. அம்மா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடிப்பெருக்கு அன்று வாய்க்காலில் செய்வாரே, அதே மாதிரி.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை முதலில் பார்த்தது மகன். எங்களுக்குக் காட்டும்போது கத்தவில்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்தான். திரும்பும் வழியில் வழிகாட்டி கீழே கிடந்த ஓர் இலையைக் கசக்கி அம்மாவின் மூக்கருகே நீட்டினார். அம்மா உடனே, "அட, வலித் தைலம்!" என்றார். குளிர்காலத்தில் மூட்டுக்குத் தேய்ப்பதற்கு ஊட்டியில் எண்ணெய் விற்கிறார்களே, அது இந்தச் செடிதானாம். இலையை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் போனோம். உறைபனி. ஒவ்வொரு புல்நுனியிலும் உப்புப் பூத்தது போல இருந்தது. மகன் ஒரு விரலை வைத்தான், வைத்த இடம் மட்டும் பச்சையானது. பிறகு அவன் வரிசையாகத் தொட்டுத் தொட்டுத் தன் பெயரை எழுத ஆரம்பித்தான். வெயில் மேட்டைத் தாண்டி வந்தது. எழுதி முடிப்பதற்குள் புல்லெல்லாம் பச்சையாகிவிட்டது. எமரால்டு அண்ணா, உங்கள் அப்பா உங்களுக்குக் காட்டியதை நான் என் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேன்.

அவலாஞ்சியில் வரிசை நீளம். வனத்துறை வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமம்தான். பின்னால் வருகிறவர்கள் எட்டு மணிக்கே போய்விடுங்கள். உள்ளே காட்டுப் பூவரசு பூத்திருந்தது. வளைந்து முறுக்கிய மரம், ரத்தச் சிவப்பில் கொத்துப் பூ, பின்னால் மஞ்சளாகக் காய்ந்த புல்வெளி. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது இந்த இடத்தில்தான் என்று ஓட்டுநர் சொன்னார். அந்தச் சரிவுகளில் மண் வழிந்த தழும்பு இன்னும் தெரிகிறது. கோபியில் வருடம் முழுக்கப் பெய்வதே அந்த அளவுக்கு வராது.

வரையாடு பார்க்கவில்லை. தூரத்துப் பாறை ஒவ்வொன்றையும் பைனாகுலரில் தேடினோம். மகளுக்கு ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். "அது அங்கதான் இருக்கு இல்லப்பா, நமக்குத் தெரியல, அவ்வளவுதானே" என்று நோட்டை மூடி வைத்தாள். பதினாறு வயதானதும் கோலரிபெட்டா ஏறுவோம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம்.

டீச்சரிடம் ஒரு சந்தேகம். மகள் நோட்டில் பதினொரு பெயர் இருக்கிறது. பன்னிரண்டாவது இடத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: "சோலை ஓரம், புதருக்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை." வழிகாட்டி அப்போது அம்மாவோடு பின்னால் இருந்தார், கேட்க முடியவில்லை. என்னவாக இருக்கும்?

கோத்தகிரி டீச்சர் | பிப்ரவரி 3, காலை 6:15

நீலகிரி சிரிப்பான், தம்பி. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், வயிறு செங்கல் நிறம். ஒன்று ஆரம்பித்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். நீலகிரியை விட்டால் வேறு மலையில் கிடையாது. தவிட்டுப் பழம் என்றால் அதற்கு உயிர், குன்னூர் தம்பிக்குப் போட்டியாகப் பறித்திருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் பழம் பழுக்கும்போது புதருக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தால் வெளியே வரும். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஹட்டிக்குக் கீழேயே ஒரு புதர் இருக்கிறது. அதற்கு டிக்கெட் வேண்டாம்.

பவானிக்கரை | பிப்ரவரி 3, இரவு 7:30

பள்ளி விட்டு வந்ததும் சொன்னேன். பென்சிலால் எழுதியிருந்ததை அழிக்காமல், அதன் கீழேயே பேனாவால் பெயரை எழுதிவிட்டாள். மே முதல் வாரம் வருகிறோம், டீச்சர். அம்மாவும் வருகிறார்.